சந்தத்துக்கும் ஊர் உண்டு

நமது இலக்கிய வரலாறுகளில் புலவரின் ஊருக்கு ஒரு வரி கிடைக்கும். அதற்குப் பிறகு அந்த ஊரைப் பற்றிய பேச்சே இராது. ம.மு. உவைஸும் பீ.மு. அஜ்மல்கானும் எழுதிய 'இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாறு' பேருழைப்பு. அது இல்லாவிட்டால் என்னைப் போன்ற தமிழாசிரியர்களுக்குக் கைகொடுக்க ஆளில்லை. ஆயினும் அங்கும் நூல்கள் பெரும்பாலும் வகைப்படியே அடுக்கப்படுகின்றன: புராணம், கலம்பகம், அந்தாதி, கிஸ்ஸா, முனாஜாத்து. ஒரு புலவருக்கு ஏன் இந்த வகையில் மனம் சென்றது என்ற கேள்விக்கு அந்த அடுக்கில் விடை இல்லை. ஊரைப் பார்த்தால் கொஞ்சம் கிடைக்கும்.

திருப்புகழை எடுப்போம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீது திருப்புகழ் பாடிய காசிம் புலவர் காயல்பட்டணத்தவர்; திருச்செந்தூர் அதற்குப் பக்கத்து ஊர். 'நவரத்தினத் திருப்புகழ்' தந்த அசனா லெப்பைப் புலவர் யாழ்ப்பாணத்தவர், அங்கே நல்லூர். இருவரும் முருகன் தலத்தின் அயலில் வாழ்ந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. திருப்புகழில் ஓரடியில் குறிலும் நெடிலும் விழுந்த ஒழுங்கிலேயே மற்ற அடிகளிலும் விழ வேண்டும். இலக்கணம் படித்தால் அதைச் சரிபார்க்கலாம். பாடிக் கட்டுவதற்குக் காதில் அது முன்பே ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

"மற்றவங்களைப் பார்த்துச் செய்ததுதானே" என்று சிலர் சொல்லுவாங்க. அப்படியானால் கிழக்கிலும் அதுவே நடந்திருக்க வேண்டும். அக்கரைப்பற்று, சம்மாந்துறைப் பக்கம் முஸ்லிம்களும் தமிழரும் அடுத்தடுத்த ஊர்களில்தான் இருக்கிறார்கள். அங்கே பேர் பெற்றது நாட்டார் கவி. வயலிலும் வாடியிலும் பிறந்த பாட்டு. யாழ்ப்பாணச் சோனகர் தெருவோ பட்டணம். வியாபாரமும் பள்ளிக்கூடமும் அச்சுக்கூடமும் நடந்து போகும் தூரத்தில். வண்ணார்பண்ணையில் 1911இல் பிறந்த ஏ.எம்.ஏ. அஸீஸ் வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ் இந்துக் கல்லூரியிலும் படித்தே தமிழில் ஊறினார். ஆகவே ஊர் என்பது அயலவர் மட்டுமல்ல. செய்யும் தொழிலும் படிக்கும் இடமும் சேர்ந்தது. அயலவரிடம் ஓசையைக் கேட்டவர்கள் பாடுபொருளை ஈமானிலிருந்தே எடுத்தார்கள். இதைக் கடன் என்று சொல்வது அரைக் கணக்கு.

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டபோது இந்தக் காதும் அறுந்தது. சிறுவனாகப் புத்தளம் போன என் தலைமுறைக்குக் கிடைத்தது ஓலைக் கொட்டிலும், உப்புக் காற்றும், கசற்றில் நாகூர் ஹனீபாவும். அந்தக் குரல் எங்களுக்குப் பெரிய ஆறுதல். அதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் யாழ்ப்பாணத்தில் மௌலிது மஜ்லிஸில் பைத்து எந்த மெட்டில் போனது என்று கேட்டால் எங்களில் பலருக்குத் தெரியாது. திரும்பி வந்து இங்கே படிப்பிக்கும் எனக்கு, வகுப்பில் திருப்புகழ்ச் சந்தத்தைக் கரும்பலகையில் எழுதத்தான் முடிகிறது. புத்தளத்தில் பிறந்து இங்கே வந்த பிள்ளைக்கு அது கணக்குப் பாடம் மாதிரி. கைபேசியில் வரும் அரபு நஷீதைத்தான் அந்தப் பிள்ளை முணுமுணுக்கிறது.

இசை பற்றிய மார்க்கத் தீர்ப்பை உலமாக்கள் பேசட்டும். முன்னோர் எதைப் பாடினார்கள் என்று பதிவது வேறு வேலை. அதற்கு அந்தத் தீர்ப்பு தடையாகாது. நமது ஆய்வாளர்கள் இனியாவது நூலின் பெயரையும் ஆண்டையும் எழுதுவதோடு நிற்கக்கூடாது. யார் பாடினார், எந்தத் தெருவில், யாரிடம் கேட்டுப் பழகினார், எந்த மெட்டில் என்பதையும் எழுத வேண்டும். மெட்டைக் குரலிலேயே பதிந்து வைக்க வேண்டும். வெளியேறும்போது முப்பது வயதைத் தாண்டியிருந்தவர்களுக்குத்தான் அது சரியாக நினைவிருக்கும். அவர்கள் இப்போது அறுபத்தைந்தைக் கடந்துவிட்டார்கள். புத்தளத்திலும் நீர்கொழும்பிலும் கொழும்பிலும் இருக்கிறார்கள். அடுத்த முறை அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒரு பாட்டையாவது பதிந்து வாருங்கள்.