78-ஆம் தாள்

ராபர்ட் புரூஸ் ஃபூட்டைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு கல்லோடு நிறுத்திக்கொள்கிறார்கள். 1863 மே 30-இல் பல்லாவரத்தில் ஒரு கற்கருவி. அதே வருஷம் செப்டம்பர் 28-இல், வில்லியம் கிங்குடன் போனபோது, அத்திரம்பாக்கத்தில் மேலும் பல. இந்தியாவின் பழைய கற்காலம் கண்டுபிடிக்கப்பட்டாயிற்று, கட்டுரை முடிந்தது. அந்த மனிதர் அங்கே என்ன செய்துகொண்டிருந்தார் என்ற கேள்வி எழுவதில்லை. அவர் கற்கருவி தேடிப் போனவர் அல்ல. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் 1858-இல் சேர்ந்து, சம்பளத்துக்குப் பாறைகளின் எல்லைக்கோடுகளை வரைந்துகொண்டிருந்தவர். கருவி போகிற வழியில் கிடைத்தது. எனக்கு முக்கியமாகப் படுவது அந்தக் கோடுதான். அதிலும் ஒரு வகைக் கோடு.

அந்த வேலையின் பலன் 1873-இல், துறையின் 'மெமாயர்ஸ்' வரிசையில் பத்தாம் தொகுதியாக வந்தது. தலைப்பு நீளம்: பாலாற்றுக்கு வடக்கே சென்னை, வட ஆர்க்காடு மாவட்டங்களில், இந்திய அட்லஸின் 78-ஆம் தாளுக்குள் அடங்கும் பகுதிகளின் நிலவியல் பற்றி. இலக்கிய வாசகன் இந்தத் தலைப்பைச் சட்டென்று தாண்டிவிடுவான். தாண்டக் கூடாது. எழுதுகிறவன் தான் எதைப் பற்றிப் பேசப்போகிறான் என்பதை ஓர் ஆற்றாலும் ஒரு காகித விளிம்பாலும் வரையறுத்துக்கொள்கிறான். பாறை விளிம்பைத் தாண்டி நீண்டு போனால் அது அவன் பொறுப்பல்ல. உள்ளே இருப்பது அத்தனையும் அவன் பொறுப்பு. 'தமிழ் மனம்', 'தமிழ் வாழ்வு' என்று தாளே இல்லாமல் எழுதிப் பழகிய நமக்கு இந்த அடக்கம் புதிது.

நான் குடியிருக்கும் அம்பத்தூர், வேலை பார்க்கும் ஆவடி, பக்கத்துப் பூந்தமல்லி எல்லாம் இந்தத் தாளுக்குள் வருகிறவை. கண்ணுக்கு எட்டியவரை தட்டை: ஏரி, ஏரியைத் தின்ற மனைகள், ஷெட்டுகள். வடமேற்கே திருவள்ளூர் தாண்டி, பூண்டிக்கும் அப்பால்தான் நிலம் கொஞ்சம் எழும்புகிறது. அல்லிக்குழி மேடுகள், பிறகு சத்தியவேடு, அதற்கும் அப்பால் நகரி மலைகள். அல்லிக்குழியை மலை என்றால் ஏற்காட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். ஆனால் இந்தத் தாளின் கதை அந்த மேட்டில்தான் இருக்கிறது.

நகரி மலை குவார்ட்சைட். பழைய மணல் இறுகி இறுகிக் கல்லானது. அது உடைந்து, நீரில் உருண்டு, அல்லிக்குழி-சத்தியவேடு மேட்டில் பெரும் கூழாங்கல் திரளாகப் படிந்தது. இதே தொகுதியைச் சேர்ந்ததுதான் பூந்தமல்லிக்குத் தென்மேற்கே ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துக் களிப்பாறை. அதன் ஏடுகளுக்கிடையே ஈந்து, சைக்கஸ் சாயலில் டிலோஃபில்லம் என்ற செடியின் இலைகள் அச்சாகிக் கிடக்கின்றன. பிறகு மேடே கரைந்தது. கூழாங்கற்கள் மறுபடி இடம்பெயர்ந்து கீழே செம்புரைச் சரளைக்குள் வந்து சேர்ந்தன. அப்படி வந்து கிடந்ததை எடுத்துத்தான் யாரோ ஒருவன் தட்டி, செதுக்கி, விளிம்பு உண்டாக்கினான். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் அது கோடரி மட்டுமே. படத்தில் வைத்துப் பார்த்தால்தான் அந்தக் கல் மனிதன் கைக்கு வருமுன்னரே இரண்டு தடவை இடம் மாறியது தெரிகிறது.

இதை எப்படிப் படமாக்குகிறார்கள்? பாறை எங்கும் தன்னைக் காட்டிக்கொண்டு நிற்பதில்லை. ஓடை அறுத்த கரையில் ஒரு முழம் தெரியும். புதுக் கிணற்றின் மண்மேட்டில் ஒரு துண்டு கிடைக்கும். நடுவே ஐந்தாறு மைல் நெல் வயல். இங்கே களிப்பாறை கிழக்கே சாய்கிறது, அங்கே திரும்பவும் தலைகாட்டுகிறது, ஆகவே இடையில் வயலுக்கு அடியில் அது இருக்கவேண்டும். 'இருக்கவேண்டும்' என்பதுதான் சிக்கல். நிலவியல் படத்தின் சம்பிரதாயம் இதற்கு ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறது. கண்ணால் கண்ட எல்லைக்கு முழுக்கோடு. ஊகித்த எல்லைக்கு விட்டுவிட்டுப் போகும் கோடு, புள்ளிக்கோடு. படம் பார்க்கிறவனுக்கு ஆய்வாளன் எங்கே நின்றான், எங்கே நிற்காமல் யோசித்தான் என்பது ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

இது வெறும் வரைகலை விஷயம் என்று எனக்குத் தோன்றவில்லை. இது ஓர் ஒழுக்கம். இதன் பயன் ஃபூட்டின் விஷயத்திலேயே நிரூபணமாகியிருக்கிறது. கருவிகள் கிடந்த செம்புரைப் படிவு கடல் இட்டுச்சென்றது என்று அவர் அப்போது கருதினார். அந்த ஊகம் நிற்கவில்லை. ஆனால் ஊகம் விழுந்தபோது அவர் பார்த்தது அதோடு சேர்ந்து விழவில்லை. எந்த ஊரில், எந்த அடுக்கில், எந்தக் கல்லில் என்பது தனியாக நின்றது. அதனால்தான் அத்திரம்பாக்கத்துக்குப் பின்னால் வந்தவர்கள் போக முடிந்தது. சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் 1999-இலிருந்து அங்கே அகழ்ந்து, 2011-இல் வெளியிட்ட கணக்குப்படி அங்குள்ள மிகப் பழைய கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் வருஷம். எப்படிக் குறைத்தாலும் 10 லட்சத்துக்குக் கீழே வராது. ஃபூட் கனவிலும் நினைத்திராத எண். ஆயினும் அவர் படத்தோடு சண்டையில்லாத எண்.

இப்போது நம் விமர்சனத்துக்கு வருகிறேன். க.நா.சு. கோடு போட்டவர். நிறையப் படித்தவர், நிறைய நடந்தவர், அதில் சந்தேகமில்லை. ஆனால் நடந்த சுவடுகளை அவர் காட்டவில்லை, பட்டியலைத்தான் கொடுத்தார். இவர் உள்ளே, இவர் வெளியே. எல்லாம் முழுக்கோடு. 'எழுத்து' காலத்தில் செல்லப்பா இதற்கு எதிராக அலசல் என்றார். அவர் களக்குறிப்பு முழுவதையும் அச்சேற்றியவர். ஒவ்வொரு கல்லும் இருக்கும், படம்தான் சில சமயம் இருக்காது. இருவரையும் நான் குறைத்துச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் இந்தப் பத்திரிகையின் பக்கங்களே இருந்திராது. எனக்கு உறுத்துவது பின்னால் வந்த நாம். க.நா.சு.வின் தொனியை எடுத்துக்கொண்டோம், அவருடைய வாசிப்பை விட்டுவிட்டோம். ஒரு நாவலில் முதல் அறுபது பக்கத்தைப் படித்துவிட்டு நாவலாசிரியனின் தரிசனம் பற்றி முழுக்கோடு போடுகிற கட்டுரைகள் மாதம் இரண்டாவது என் கைக்கு வருகின்றன. அறுபது பக்கம் படித்தது குற்றமல்ல. மீதியைப் புள்ளிக்கோடாகப் போடாததுதான் குற்றம்.

வங்கியில் சஸ்பென்ஸ் கணக்கு என்று ஒன்று உண்டு. ஒரு தொகை வந்துவிட்டது, யார் கணக்கில் சேர்ப்பது என்று தெரியவில்லை. எங்காவது ஓர் ஆசாமியின் பெயரில் போட்டு அன்றைய கணக்கை நேர்செய்துவிட முடியாது. தெரியாததைத் தெரியாதது என்று தனியாக எழுதி வைக்கவேண்டும், ஆடிட்டர் வந்து முதலில் அதைத்தான் கேட்பார். எங்களைப் போன்ற குமாஸ்தாக்களுக்குச் சர்க்கார் கட்டாயப்படுத்திச் சொல்லிக்கொடுத்திருக்கும் இந்தச் சின்ன நேர்மை விமர்சகர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. நில அளவையும் வகைப்பாடும் நம்மிடம் ஈராயிரம் வருஷமாக இருக்கிறது, திணை என்பது அதுதான், வெள்ளைக்காரன் வந்து புதிதாக என்ன செய்தான் என்பார்கள். திணையை இதைவிடக் கேவலப்படுத்த முடியாது. தொல்காப்பியம் தெய்வத்தோடு சேர்த்து நான்கு நிலங்களைத்தான் சொல்கிறது. பாலைக்குத் தனி நிலம் தரவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வறண்டு பாலையாகும் என்பது சிலப்பதிகாரத்தில் வருகிறது. அதாவது நிலம் அங்கே ஒரு நிலைமை. மனத்தின் நிலைமைக்கு ஈடாகக் கவிகள் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தம். அந்த ஒப்பந்தத்தில் மலை என்றால் மலைதான். அது எந்தப் பக்கம் சாய்கிறது, எத்தனை பாகை என்பது கவிதைக்கு வேண்டியதில்லை. அல்லிக்குழி மேடு குறிஞ்சியா முல்லையா என்ற கேள்விக்கு விடை கிடையாது; கேள்வியே தப்பு. திணையை நிலப்படமாக்குகிறவன் கவிதையையும் இழக்கிறான், நிலத்தையும் பார்ப்பதில்லை.

அதற்காக அந்தப் படத்தின் முன்னால் விழுந்து கும்பிடச் சொல்லவில்லை. தாமஸ் ஓல்டாமின் கீழ் 1851-இல் இந்தத் துறை அமைந்தது முக்கியமாக நிலக்கரிக்காக. அல்லிக்குழியின் அழகுக்காக அல்ல. பெயர் விஷயத்தில் அதன் காது மந்தம். அல்லிக்குழி 'அலிகூர்' ஆயிற்று. ஸ்ரீபெரும்புதூர் 'ஸ்ரீபெர்மத்தூர்' ஆயிற்று. இந்தப் பிந்திய எழுத்துப்பிழை உலகம் முழுக்க நிலவியலாளர்கள் வாயில் ஒரு பாறைத்தொகுதியின் பெயராக நிலைத்துவிட்டது. தெற்கே, ஃபூட்டுக்கு முதல் கருவி கிடைத்த அதே பல்லாவரத்தில் இருக்கும் பாறைக்கு நேர்ந்தது இன்னும் வேடிக்கை. நம் தச்சர்களுக்கு அது கருங்கல். 1893-இல் ஹாலந்து என்ற நிலவியலாளர், கல்கத்தாவில் ஜோப் சார்னாக் என்ற கும்பெனி வியாபாரியின் கல்லறைக்குப் போட்டிருந்த கல்லைச் சோதித்து, அது சென்னைப் பக்கத்துப் பாறை என்று கண்டு, அதற்குச் சார்னாக்கைட் என்று பெயர் வைத்தார். கல் போன இடத்தின் பெயரைக்கூட அல்ல, அதன் அடியில் படுத்திருந்தவர் பெயரை. செம்புரைக்கல் கதையும் இதே ஜாதிதான். மலபாரில் அங்காடிப்புரத்துக்காரர்கள் அதைச் செங்கல்-கல் என்ற பொருளில் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, புக்கானன் 1807-இல் செங்கல்லுக்கு லத்தீன் தேடி லேட்டரைட் ஆக்கினார்.

இதில் ஒரு குடும்ப விஷயம் இருக்கிறது. ஃபூட்டின் மாமனார் பீட்டர் பெர்சிவல். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரை வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழாக்கியவர். பிறகு சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர். அவருடைய தமிழ்ப் பழமொழித் தொகுப்பின் பெரிய பதிப்பு, ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பழமொழிகளோடு, 1874-இல் வந்தது. மருமகனின் 78-ஆம் தாள் அதற்கு முந்திய வருஷம். ஒருவர் இந்த ஜனங்களின் வாயிலிருந்து சேகரித்தார், மற்றவர் காலடியிலிருந்து. கல்லுக்கும் மண்ணுக்கும் ஜனங்கள் வைத்திருந்த சொற்கள் இரண்டு கைக்கும் நடுவே நழுவி விழுந்துவிட்டன என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. (இது புள்ளிக்கோடு.) சுக்கான், சவுடு, ஓடைமண், கிராவல் என்று திருவள்ளூர் லாரிக்காரர்கள் இன்று தரம் பிரிக்கிறார்கள். வாடிக்கையாளன் ஏமாற்றக் கூடாது என்ற ஒரே நிர்ப்பந்தத்தில் உண்டான, தப்பு நடந்தால் சண்டை வருகிற வகைப்பாடு அது. கரிசல் மண்ணின் சொற்களுக்குக் கி. ராஜநாராயணன் 1982-இல் ஒரு வழக்குச் சொல்லகராதி கொடுத்துவிட்டார். தனியொருவராக, பல்கலைக்கழகம் எதுவும் கேட்காமல். நமது வடக்குச் செம்மண் மேட்டுக்கு அந்த மாதிரி ஓர் ஆள் வரவில்லை. மனை மேடுபடுத்துவதற்காக இறங்கும் கிராவலில் கூழாங்கல் வந்தால் பொறுக்கி ஓரமாக எறிந்துவிடுகிறோம்.

பெர்சிவல் 1882-இல் ஏற்காட்டில் இறந்தார். ஃபூட்டும் ஓய்வுக்குப் பிறகு அங்கேதான் குடியிருந்தார். 1912-இல் கல்கத்தாவில் இறந்தவருக்கு நினைவுக்கல் ஏற்காட்டுத் தேவாலயத்தில் இருக்கிறது. சேர்வராயன் மலை முழுக்கச் சார்னாக்கைட்.