வினையும் மன்னிப்பும்

கிழக்குத் தாம்பரத்திலிருந்து சேலையூர் பஸ்ஸில் போகிறவர்கள் கிறிஸ்தவக் கல்லூரியின் மரங்களைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே சேலையூர் ஹால் என்றே ஒரு ஹாஸ்டல் உண்டு. 1937-ல் பாரிமுனைப் பக்கமிருந்து கல்லூரி இங்கே குடிவந்தபோது பிரின்ஸிபால் ஏ.ஜி.ஹாக். ஸ்காட்லாந்துக்காரர், தத்துவப் பேராசிரியர். ராதாகிருஷ்ணனின் வாத்தியார் என்று ஒரு வரியில் அவரை முடித்துவிடுகிறோம். அவருடைய 'கர்மா அண்ட் ரிடெம்ப்ஷன்' (1909) அதற்கு மேல் கவனம் கேட்கிற புத்தகம்.

மிஷனரி எழுதியது, நம் சாமிகளைத் திட்டியிருப்பார் என்று நினைப்பீர்கள். இல்லை. கர்மக் கொள்கையை மரியாதையோடு எடுத்துவைத்துக்கொண்டு வாதாடுகிறார். அவனவன் செய்ததை அவனவனுக்கு கிராம் சுத்தமாக அளந்து தரும் உலகம் கோர்ட் மாதிரி நியாயமானது, சரி. நல்ல உலகமா? அங்கே ஒருவருக்காக இன்னொருவர் கஷ்டப்பட இடமேது? கிறிஸ்தவப் பார்வையில் மனிதர்கள் தனித்தனிக் கணக்கு நோட்டுகள் இல்லை. ஒருத்தன் பாவம் அடுத்தவனையும் சுடும். ஒருவர் படும் பாடு மற்றவரைத் தூக்கிவிடும். கணக்குப்படி அநியாயம்தான். அன்புக்கு இடம் அங்கேதான் என்கிறார்.

இது வெறும் ஏட்டுச் சண்டை இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நோயாளிக் குழந்தையை மடியில் வைத்திருக்கும் அம்மாவிடம், 'எந்த ஜென்மத்துப் பாவமோ' என்று சொல்லிவிட்டுப் போகிற உறவுக்காரர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். யோவான் சுவிசேஷத்தில் பிறவியிலேயே பார்வை இல்லாத ஒருவரைக் காட்டி இயேசுவின் சீடர்களும் ஏறக்குறைய இதையேதான் கேட்கிறார்கள், யார் செய்த பாவம் என்று. அவனுடையதும் இல்லை, பெற்றோருடையதும் இல்லை என்று பதில் வருகிறது. அந்த அம்மாவுக்கு இதைவிட என்ன ஆறுதல் வேண்டும்?

ஆனால் ஹாக் காட்டும் கர்மா ரொம்ப மெஷின்தனமானது. தமிழ்நாட்டில் வினை தனியாக வருவதில்லை, அதை அறுக்கிற அருளும் கூடவே வரும். சைவ சித்தாந்தம் வினைக்கும் முந்திய ஆணவ மலத்தைச் சொல்கிறது. உயிரோடு ஒட்டியே இருக்கும் அழுக்கு. ஜென்ம பாவத்துக்குத் தூரத்து உறவு மாதிரி தெரியும். ஆனால் இதில் ஆதாமும் இல்லை, ஆப்பிளும் இல்லை. (பைபிளிலும் ஆப்பிள் இல்லை, வெறும் கனிதான்.)

அடுத்தது, அவர் கேள்வியை அவர் வீட்டு வாசலிலேயே வைக்கலாம். அளந்து கொடுப்பதே குறை என்றால், எழுபது வருஷத் தப்புக்கு முடிவில்லாத நரகம் என்பது அளக்கக்கூட இல்லையே? கர்மாவிலாவது அரியர்ஸ் எழுத அடுத்த பிறவி உண்டு. கத்தோலிக்கர்கள் உத்தரிக்கிற ஸ்தலம் என்று நடுவில் ஒரு இடம் வைத்தார்கள். புராட்டஸ்டண்டுகள் அதையும் எடுத்துவிட்டார்கள். சுவிசேஷக் கூட்டங்களில் நரகத்தைச் சொல்லிப் பயமுறுத்துகிறவர்கள் ஹாக்கைப் படித்தால் கொஞ்சம் குரலைத் தணிப்பார்கள்.

1938 டிசம்பரில் இதே தாம்பரம் வளாகத்தில் உலக மிஷனரி மாநாடு. சீனாவில் நடக்க வேண்டியது, ஜப்பான் யுத்தத்தால் இங்கே வந்தது. அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஆட்கள். ஹாலந்துக்காரர் ஹென்ட்ரிக் கிரேமர் அந்த மாநாட்டுக்கென்றே ஒரு தடிப் புத்தகம் எழுதியிருந்தார். மற்ற மதங்கள் எல்லாம் மனித முயற்சி, கிறிஸ்துவில் கடவுள் தந்த வெளிப்பாட்டோடு அவற்றைக் கோக்க முடியாது என்பது அவர் கட்சி. எதிர்த்தவர்களில் முக்கியமானவர் ஹாக். இந்துக்களின் விசுவாசமும் நிஜ விசுவாசம்தான், கடவுள் அவர்களையும் சந்திக்கிறார் என்றார். முப்பது வருஷத்துக்கு மேல் இந்துப் பையன்களுக்குப் பாடம் சொன்னவர், வேறென்ன சொல்வார்?