குழாய்க்குள் கூடும் கம்பிகள்: தாங்குதிறன் குறைப்பு விதியின் நிறைகுறை

மின்தடையின் காரணமாக, மின்னோட்டம் சுமக்கும் எந்தக் கம்பியும் சூடாகும். பல கம்பிகளை ஒரே குழாய்க்குள் இழுத்துவிட்டால், நடுவில் இருப்பவை தம் வெப்பத்தை எளிதில் வெளியேற்ற முடியாமல் காப்புறையைக் கெடுத்துக்கொள்ளும். இதைத் தவிர்க்க அமெரிக்கத் தேசிய மின் விதித்தொகுப்பு, மின்னோட்டம் சுமக்கும் கம்பிகள் மூன்றைத் தாண்டினால் ஒவ்வொன்றின் தாங்குதிறனையும் குறைக்கச் சொல்கிறது. 4 முதல் 6 வரை என்றால் 80 விழுக்காடு. 9 வரை 70. 10 முதல் 20 வரை 50. பிறகு படிப்படியாக இறங்கி, 41 முதல் 35.

விதியின் பலம் அதன் எளிமை. குழாயில் எத்தனை கம்பி என்று எண்ணத் தெரிந்தால் போதும். எர்த் கம்பி கணக்கில் வராது. சமன் செய்த மும்முனைச் சுற்றில் நியூட்ரலும் வராது; ஆனால் கணினி போன்ற மின்னணுச் சுமைகள் மிகுந்த இடத்தில், மூன்றாம் சீரிசைகள் நியூட்ரலில் ஒன்றுசேர்வதால் அதையும் எண்ண வேண்டும். 24 அங்குலத்துக்கு மேற்படாத துண்டுக் குழாய்க்கு விலக்கு உண்டு. வெப்பவியலை அறிந்து எழுதிய விதி என்பதில் ஐயமில்லை.

சிக்கல் படிகளில் இருக்கிறது. 90 பாகை தாங்கும் உறையுள்ள 12 கேஜ் செம்புக் கம்பியின் திறன் 30 ஆம்பியர். ஒன்பது கம்பிக்கு அது 21 ஆகும். வழக்கமான 20 ஆம்பியர் பிரேக்கருக்குக் குறையில்லை. பத்தாவது கம்பி நுழைந்ததும் அனைத்தும் 15-க்கு இறங்கிவிடும். ஒரு கம்பி முழுச்சுமையில் வெளியிடும் வெப்பத்தை 1 என்று கொண்டால், அது மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், ஒன்பது கம்பிக்கு விதி அனுமதிக்கும் மொத்த வெப்பம் 4.41, பத்துக்கு 2.5, இருபதுக்கு 5. கம்பி கூடக்கூடக் குழாயும் பெரிதாகும் என்பது உண்மைதான். ஆனால் ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவே விழும் இந்தப் பள்ளத்துக்கு அது விடையாகாது.

இன்னொரு குறை, எதை எண்ணுவது என்பதில். ஒரே நேரத்தில் மின்னேற்றம் பெற முடியாத கம்பிகளுக்கு விலக்களிக்கும் விதி, பின்னாளுக்கென விட்டுவைத்த, இன்னும் பயன்படாத கம்பியையும் எண்ணச் சொல்கிறது. பாதிச் சுமையில் ஓடும் கம்பி வெளியிடுவது கால்பங்கு வெப்பமே. அட்டவணை அதையும் பார்ப்பதில்லை. பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 60364 தரநிலை கம்பிகளுக்குப் பதிலாகச் சுற்றுகளை எண்ணுகிறது. இரண்டு சுற்றுக்கு 0.80, மூன்றுக்கு 0.70, ஒன்பதுக்கு 0.50 எனச் சரிவு அங்கே சீரானது. தொகுப்பில் தனக்குரிய திறனில் 30 விழுக்காட்டைத் தாண்டாதென்று உறுதியாகத் தெரிந்த கேபிளை, மற்றவற்றுக்கான கணக்கிலிருந்து நீக்கவும் இடமுண்டு.

நியாயமான ஏற்பாடுதான், ஆனால் சுமையை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். வாடகைக்காரர் மாறும் கடையிலும் ஆண்டுதோறும் புதுக் கருவி சேரும் வீட்டிலும் அந்த உறுதி கிடைக்காது. மின்வாகனங்கள் இரவு முழுக்க மின்னேற்றும் நிறுத்துமிடத்தில் எல்லாச் சுற்றுகளும் ஒருசேர மணிக்கணக்கில் முழுச்சுமையில் ஓடும். அமெரிக்க அட்டவணையின் கடுமை மிகையாகத் தோன்றாத இடம் அது.