கோமல்: படம் குழந்தைக்கு, பாடம் நமக்கு

சைல்ட்லைன் இந்தியா வெளியிட்ட 'கோமல்' அனிமேஷன் படத்தை உங்கள்ல பலர் பார்த்திருப்பீங்க. சுமார் பத்து நிமிஷம்தான். போன வாரம் ஆறு வயசு மகளோட உட்கார்ந்து மறுபடி பார்த்தேன்.

கோமலோட பக்கத்து வீட்டுக்கு அப்பாவின் நண்பர் பக்‌ஷி குடிவர்றார். கூட விளையாடறார், பரிசு தர்றார். அப்புறம் ஒருநாள் தப்பா தொடறார்.

படத்தோட பெரிய பலம் இந்த பக்‌ஷிதான். பூச்சாண்டி மாதிரி காட்டாம, நம்ம வீட்டுக்கு வந்துபோற ஆளாவே காட்டியிருக்காங்க. அதுதான் நிஜம். 2007ல் மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் வெளியிட்ட 13 மாநில ஆய்வில், குழந்தைகள்ல 53 சதவீதத்தினர் ஏதோ ஒரு வகை பாலியல் சீண்டலைச் சந்தித்ததா சொன்னாங்க. சீண்டியவங்கள்ல பாதிப் பேர் தெரிஞ்சவங்க, நம்பிக்கைக்கு உரியவங்க.

பாதியிலேயே மகள் கேட்டா: "அந்த அங்கிள் நல்லவர்தானேப்பா? விளையாடறாரே?"

'நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்'னு நாம சொல்லித்தர்றதோட சிக்கல் இதுதான். தீர்ப்பு சொல்ற பொறுப்பைக் குழந்தை தலையில வைக்கிறோம். தொடறது கிச்சுகிச்சு மூட்டற மாதிரிகூட இருக்கலாமே! உணர்வை விட விதி சுலபம்: ஜட்டி மறைக்கிற இடத்தை, குளிப்பாட்டவோ வைத்தியத்துக்கோ தவிர, யாரும் தொடக்கூடாது. 'அம்மாகிட்ட சொல்லாதே'ன்னு யார் சொன்னாலும் உடனே சொல்லணும்.

என் குறை படத்தோட முடிவு பற்றி. கோமல் வீட்டுல சொல்றா, பெற்றோர் நம்பறாங்க, உதவி வருது. சாஃப்ட்வேர்ல இதை 'ஹேப்பி பாத்'னு சொல்வோம். எல்லாமே சரியா நடந்தா எப்படி ஓடும்ங்கற பாதை. ஆனா அதே ஆய்வுப்படி, பெரும்பாலான குழந்தைகள் யார்கிட்டயும் சொல்லவே இல்லை.

ஏன் சொல்லலை? என் வீட்டையே பார்க்கிறேன். மகள் துணியில்லாம ஓடினா "ஷேம் ஷேம்"னு சிரிச்சிருக்கேன். அந்த உறுப்புகளுக்கு ஒரு பேர்கூட சொல்லித் தந்ததில்லை. "மாமாவுக்கு முத்தம் குடு"ன்னு, அவ வேணாம்னு நெளிஞ்சப்பவும் தள்ளிவிட்டிருக்கேன். வெட்கத்தையும் மறுக்கக்கூடாதுங்கறதையும் ரெண்டு வயசுலேர்ந்து பழக்கிட்டு, பத்து நிமிஷப் படம் அதை அழிக்கும்னு எதிர்பார்க்கிறது நியாயமா?

குழந்தை சொன்ன அடுத்த அஞ்சு நிமிஷம் பெரியவங்க என்ன செய்யணும்? எனக்கு வேண்டிய படம் அதுதான். கத்தக்கூடாது. "நீ ஏன் அங்க போன?"ன்னு கேட்கக்கூடாது. "நான் நம்பறேன், உன் தப்பில்லை"ன்னு சொல்லணும். அப்புறம் 1098. 2012 போக்சோ சட்டப்படி தகவல் சொல்றது கட்டாயம். ஆனா குழந்தையை ஸ்டேஷனுக்கு இழுக்க வேண்டியதில்லை. வாக்குமூலத்தை வீட்டுலயே, யூனிஃபார்ம் இல்லாம வந்துதான் பதிவு செய்யணும். முடிந்தவரை பெண் அதிகாரி. இது தெரியாததாலயே எத்தனையோ பேர் வாயை மூடிக்கிறாங்க.

'கோமல்' பாருங்க, குழந்தையோட. ஆனா முதல்ல நீங்க தனியா ஒரு தடவை பாருங்க. நேத்து மாமா வந்தப்ப மகள் கைமட்டும் குலுக்கினா. நான் ஒண்ணும் சொல்லலை.