சந்தேகத்தின் யோக்கியதை

காவியங்களையும் நாவல்களையும் எடுத்துக்கொண்டு அவற்றின் குணதோஷங்களைப் பேசுவதே இலக்கியப் பகுதிகளின் வழக்கமாயிருந்து வருகிறது. ஆயினும், படித்தவர்களைக் காட்டிலும் படியாதவர்களின் வாழ்வையே அதிகமாகத் தொடக்கூடிய ஒரு நூல் நம்மவர் பார்வைக்கு வராமற் கிடக்குமானால், அதனை எடுத்து ஆராய்வதும் விமரிசனத்தின் கடமையே என்பது நமது அபிப்பிராயம். ஐ.பி.சி.சி. எனப்படும் சர்வதேசப் பருவநிலைக் குழுவினர் 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் வெளியிட்ட ஆறாவது மதிப்பீட்டின் முதற்பாகமே நாம் குறிப்பிடும் நூல். 234 ஆசிரியர்கள் கூடி எழுதியது அது. அது வெளிவந்த நான்கு மாதங்களுக்கெல்லாம், டிசம்பர் 18-ஆம் தேதியன்று, கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு மாதத்து மழை ஒரே நாளிற் கொட்டிற்று. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் ஜனங்கள் மேல்மாடிகளில் ஏறி உதவிக்குக் காத்துக் கிடந்தார்கள். அவ்வெள்ளத்தில் நாடெங்கும் ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள்.

இந்நூலைப் பற்றி பிரிக்பீல்ட்ஸ் காப்பிக் கடைகளில் நாம் கேட்கும் பேச்சு இரண்டு வகை. “எழுதியவர்களுக்கே நிச்சயமில்லையாமே, பிறகு நமக்கென்ன கவலை?” என்பது ஒன்று. “இன்ன வருஷத்தில் எல்லாம் மூழ்கிவிடும் என்று விஞ்ஞானிகள் முடிவு கட்டிவிட்டார்கள்” என்பது மற்றொன்று. இவ்விரு சாராரும் ஒரு விஷயத்தில் ஒற்றுமைப்பட்டவர்கள்: இருவருமே நூலைப் படித்தவர்களல்லர்.

நாம் பேச்சிலும் எழுத்திலும் ‘அநேகமாக’, ‘பெரும்பாலும்’, ‘ஒருவேளை’ என்னும் சொற்களை மனம்போனபடி வழங்குகிறோம். இந்நூலாசிரியர்களோ ஒவ்வொரு சொல்லையும் தராசிலிட்டு நிறுத்த பின்பே எழுதுகிறார்கள். ‘நேரக்கூடியது’ என்றால் நூற்றுக்கு 66-க்குக் குறையாத வாய்ப்பு. ‘மிகவும் நேரக்கூடியது’ என்றால் 90-க்குக் குறையாதது. ‘ஏறக்குறைய நிச்சயம்’ என்றால் 99-க்குக் குறையாதது. மனிதனுடைய செய்கையால் பூமி சூடேறியிருக்கிறது என்பதற்கு மட்டும் இத்தராசு தேவைப்படவில்லை. அது ஐயத்திற்கு இடமற்றது என்றே எழுதிவிட்டார்கள். ஆகவே சந்தேகம் இருப்பது அடிப்படையில் அன்று. அளவிலும், இடத்திலும், காலத்திலுமே.

அச்சந்தேகம் எங்கிருந்து வருகிறது? பூமியின் காற்றையும் கடலையும் சிறுசிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் வெப்பமும் ஈரமும் எவ்வாறு மாறும் என்பதை இயற்கை விதிகளைக் கொண்டு கணினியிற் கணக்கிடுவதே பருவநிலை மாதிரி என்பது. உலகம் முழுமைக்குமான மாதிரிகளில் ஒரு கட்டத்தின் பக்கம் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். மேகமோ அதைவிட மிகச் சிறியது, கட்டத்திற்குள் அகப்படாதது. ஆகவே அதனை நேரே கணக்கிட முடியாமல் மதிப்பாகவே எழுதவேண்டியிருக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு இருமடங்கானால் பூமி எத்தனை டிகிரி சூடேறும் என்ற கேள்விக்கு, 1979-இல் அமெரிக்க விஞ்ஞானி சார்னியின் தலைமையில் கூடிய குழு 1.5 முதல் 4.5 வரை என்று விடை சொல்லிற்று. 42 ஆண்டு உழைப்பிற்குப் பிறகு இந்நூல் அதனை 2.5 முதல் 4 வரை என்று குறுக்கியிருக்கிறது. இந்தக் குறுக்கத்தின் அருமையை அறியாதவனே ‘இன்னும் நிச்சயமில்லையா’ என்று நகைப்பான்.

இவ்வாராய்ச்சியில் தமிழருக்கும் பங்குண்டு. சென்னையிற் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1965-இல் பொறியியற் பட்டம் பெற்ற வீ. ராமநாதன், குளிர்பதனப் பெட்டிகளிலிருந்து கசியும் வாயுவின் ஓர் அணுத்திரள், கரியமில வாயுவின் அணுத்திரளைவிடப் பதினாயிரம் மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கும் என்று 1975-இல் காட்டினார். மேகங்கள் மொத்தத்தில் பூமியைக் குளிரச் செய்கின்றன என்பதைத் துணைக்கோள் அளவுகளைக் கொண்டு 1989-இல் நிறுவியவர்களிலும் அவர் ஒருவர். பின்னர் இந்துமகா சமுத்திரத்தின்மேல் பரவும் புகைப்படலத்தை ஆராயும் முயற்சியிலும் முன்னின்றார். ஆண்டுதோறும் புகைமூட்டத்திற்கு அஞ்சும் நமக்கு இது அந்நியமான செய்தியன்று. புகைத்தூள் முதலியவை பூமியைக் குளிர்வித்த அளவு 0 முதல் 0.8 டிகிரி வரை இருக்கலாம் என்கிறது நூல். புகை அடங்கும்போது மறைந்திருந்த வெப்பம் எவ்வளவு வெளிப்படும் என்பது இன்னும் திறந்த கேள்வி.

நிற்க, நம் பள்ளத்தாக்கின் விஷயத்திற்கு வருவோம். கிள்ளான் துறைமுகமும் கெந்திங் மலையும் மேற்சொன்ன ஒரே கட்டத்திற்குள் அடங்கிவிடும். மலை உயரமும் கடல் தாழ்வும் சராசரியாகிக் கணக்கில் ஒரு சாய்தளமாய் நிற்கும். கடற்காற்று மலையில் மோதிப் பிற்பகலில் இடியுடன் பெய்யும் மழையைப் பல மாதிரிகள் நடுப்பகலையொட்டியே பெய்வித்துவிடுகின்றன. சூடு ஒரு டிகிரி ஏறினால் நாள்மழையின் உச்சம் ஏறக்குறைய 7 சதவீதம் மிகும் என்று உலகத்திற்குப் பொதுவாகச் சொல்ல முடிந்தவர்கள், அது கிள்ளானில் எந்த ஆண்டு, எந்தத் தெருவில் என்று சொல்ல முடியாதிருப்பது இதனாலேதான்.

அந்த வெள்ளத்தின்போது அதிகாரிகள் வாயில் வந்த சொற்றொடர் ‘நூறாண்டுக்கு ஒரு முறை பெய்யும் மழை’ என்பது. நமது கண்டனம் இச்சொற்றொடரின்மேல்தான். இதனைக் கேட்ட குடும்பத்தலைவன், ‘இனி நம் ஆயுளில் வராது’ என்று எண்ணிச் சுவரைக் கழுவி வெள்ளையடித்தான். உண்மைப் பொருளோ, ஒவ்வோர் ஆண்டும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்பது. முப்பதாண்டுக் கடனில் வீடு வாங்கியவன், கடன் தீருமுன் அம்மழையை ஒரு முறையேனும் காணும் வாய்ப்பு நாலில் ஒன்று. அதுவும் பழைய மழைக்கணக்கு மாறாதிருந்தால்! நூறு ஐம்பதாகிவிட்டால் வாய்ப்பு ஏறக்குறையப் பாதி. தோட்டம் துண்டாடப்பட்டபின், கிடைத்த பணத்தைப் போட்டுத் தாழ்நிலத்தில் வீடு வாங்கிய நம்மவர்க்கு இந்தக் கணக்கை எடுத்துச் சொன்னவர் யார்?

நூலின் மேலும் நமக்குக் குறையுண்டு. அதன் சுருக்கம் அரசாங்கங்களின் பிரதிநிதிகளால் வரிவரியாக ஒப்புக்கொள்ளப்பட்டது. ஆகவே அதன் நடையும் அரசாங்கங்களுக்கு ஏற்றதாகவே இருக்கிறது. வாயுவெளியீடு மிக அதிகமானால் 2100-க்குள் கடல்மட்டம் 0.63 முதல் 1.01 மீட்டர் வரை உயரக்கூடும் என்று முன்னே சொல்லி, பனிப்பாறைகளின் போக்கு சரியாக விளங்காமையால் 2 மீட்டரை நெருங்குவதையும் தள்ளிவிட முடியாது என்று பின்னே சொல்லுகிறார்கள். படிப்பவன் முன்னதோடு நின்றுவிடுகிறான். மண்ணணைகளை நம்பி நிற்கும் கேரித் தீவுத் தோட்டங்களுக்கோ பின்னதே முக்கியம்.

வருஷப்பிறப்பிற்கு வாங்கும் பஞ்சாங்கத்தில் இவ்வாண்டு மழை இத்தனை மரக்கால் என்று ஐயமில்லாமல் அச்சிட்டிருக்கும். சென்ற ஆண்டின் மரக்கால் பலித்ததா என்ற விசாரணை மட்டும் அதில் இராது. தன் பிழைக்கு எல்லை இவ்வளவு என்று தானே எழுதிக்கொடுக்கும் நூலை நம்பாமல், பிழையே ஒப்பாத நூலை நம்புவது எந்த நியாயம்?

சந்தேகம் ஒரு பக்கமே சாய்வதன்று. குறைவாகவும் இருக்கலாம் என்பது எவ்வளவு மெய்யோ, கூடுதலாகவும் இருக்கலாம் என்பது அவ்வளவு மெய். கூடுதலான பக்கத்தில் நிற்பவன் மேட்டுநிலத்தில் மாளிகை கட்டியவனல்லன்.

சந்தேகத்தைக் குறைப்பதில் நமக்கும் வேலையுண்டு. தோட்டத்து ஆபீசுகளில் காலைதோறும் மழைமானியைப் பார்த்துப் புத்தகத்தில் எழுதுவது நம்போன்ற கிராணிகளின் வேலை. தோட்டம் வீடமைப்புப் பகுதியாகும்போது அப்புத்தகங்கள் என்னவாகின்றன? அவற்றைத் திரட்டி ஆராய்ச்சியாளரிடம் சேர்ப்பிக்க வேண்டும். வீடு விற்பவன் வெள்ளப் படத்தைக் காட்டியே விற்கவேண்டும் என்று நம் சங்கங்கள் சட்டம் கேட்க வேண்டும். ‘நிச்சயமில்லை’ என்று எந்த அதிகாரியாவது சொன்னால், ‘எத்தனை சதவீதம், எந்தப் பக்கம்?’ என்று திருப்பிக் கேட்கும் துணிவு நம்மவர்க்கு வரவேண்டும்.