ஒரே வரியில் இடம்பெயரும் தரவுத்தளம்
தொலைவிலுள்ள சர்வரின் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை நம் கணினிக்குக் கொண்டுவர பிஜி டம்ப் என்ற கட்டளையையே நான் நம்புவேன். தொடங்கிய கணத்தில் தரவு இருந்த நிலையையே அது கடைசிவரை எழுதும். நடுவில் எத்தனை ஆர்டர்கள் பதிவானாலும் பிரதி குழம்பாது, பதிவுகளும் தடைபடாது. வெளிவருவது படிக்கக்கூடிய எழுத்து: முதலில் டேபிள்கள், பிறகு டேப் இட்டுப் பிரித்த வரிசைகள், அதன் பின்னரே இண்டெக்ஸ்கள். தரவு நிரம்பியபின் இண்டெக்ஸ் கட்டுவது விரைவு என்பதால் இந்த ஒழுங்கு. என்ன அழகான யோசனை! பைப் குறி போட்டு நேரே, நம் கணினியில் தரவை ஏற்றும் பிஎஸ்கியூஎல் கட்டளையிடம் கொடுத்தால் இடையில் ஃபைலே வேண்டாம்.

கட்டளையில் சர்வர் பெயர் மாறிப்போனால் ஆபத்தாயிற்றே என்பார்கள். மவுஸால் இயக்கும் திரையிலும் அந்த ஆபத்து உண்டு. கட்டளையோ என்டர் தட்டுமுன் முழுதாகக் கண்முன் நிற்கிறது. இன்னொருவரிடம் காட்டிச் சரிபார்க்கலாம். பழையதை அழித்து எழுது என்று தனியாகச் சொல்லாதவரை அது எந்த டேபிளையும் அழிப்பதில்லை. ஒற்றைப் பரிவர்த்தனையாக ஏற்றச் சொன்னால், பாதியில் பிழை வந்தாலும் எல்லாம் முன்பிருந்தபடியே இருக்கும்.