பட்டத்துக்குப் பிறகு யார் படிக்க வைப்பது?

பேராசிரியர் ம.மு. உவைஸும் பீ.மு. அஜ்மல்கானும் சேர்ந்து எழுதிய ‘இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாறு’ நூலின் முதல் தொகுதி 1986இல் வெளிவந்தது. தமிழ் சிறப்புப் பட்டத்துக்குப் படித்த காலத்தில் அதைப் பரீட்சைக்காகப் புரட்டினேன். இப்போது முள்ளியவளையில் படிப்பித்துக்கொண்டு திரும்ப வாசிக்கும்போது வேறொரு கேள்வி வருகிறது. இப்படியொரு வேலையைச் செய்ய ஒருவருக்கு என்னென்ன கிடைத்திருக்க வேண்டும்?

உவைஸ் பாணந்துறைக்காரர். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் சுவாமி விபுலாநந்தரிடம் தமிழ் படித்தவர். தமிழுக்கு முஸ்லிம்கள் செய்த பங்களிப்பு பற்றிய அவருடைய முதுமாணி ஆய்வு 1953இல் ஆங்கில நூலானது. ஆனால், பல தொகுதிகளாக விரிந்த வரலாற்றை எழுத இடம் கொடுத்தது மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் இஸ்லாமியத் தமிழ் இலக்கியப் பேராசிரியர் பதவிதான். சம்பளம், நூலகம், கூட வேலைசெய்ய ஒருவர், ஆண்டுக்கணக்கில் அவகாசம். திறமை அவருடையது, காலத்தைக் கொடுத்தது அந்தப் பதவி.

நூலின் குறையையும் சொல்லத்தான் வேண்டும். நூல்களைத் தேடி எடுத்து, வகைப்படுத்தி, அறிமுகம் செய்வதே அதில் அதிகம், எடைபோடுவது குறைவு. எங்கட வன்னிப் பெண்கள் பாடிய தாலாட்டுக்கு அந்தச் சட்டகத்தில் இடமில்லை. இதை உவைஸின் தோல்வியாக நான் நினைக்கவில்லை. முதலாவது ஆள் பட்டியல் போட வேண்டும். அடுத்த ஆள் அந்தப் பட்டியலோடு வாதாட வேண்டும். அந்த அடுத்த ஆள் எங்கே?

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி ஆட்களும் கைப்பையோடு போனார்கள். கொப்பிகளும் கைப்பிரதிகளும் வீட்டோடு போயின. மிஞ்சியது முதியவர்களின் ஞாபகம். என்னிடம் படித்த பிள்ளையொன்று பட்டம் முடித்து, இந்தப் பாடல்களில் முதுதத்துவமாணி செய்ய ஆசைப்பட்டது. பதிவுக் கட்டணத்துக்கும் புத்தளம் போய்வர பஸ் காசுக்கும் வழியில்லை. “பட்டம் எடுத்தாச்சுதானே, இனி என்ன?” என்றார்கள் வீட்டில். அந்தப் பிள்ளை போனில் பதிவுசெய்த மூத்தம்மா போன ரமழானில் மௌத்தாகிவிட்டார். இருப்பது பதினொரு நிமிடம்.

யாழ்ப்பாணத்தில் பிறந்த ஏ.எம்.ஏ. அஸீஸ் 1945இல் முஸ்லிம் மாணவருக்கான கல்வி உதவி நிதியைத் தொடங்கினார். பிள்ளைகளைப் பல்கலைக்கழக வாசலுக்குக் கொண்டுபோவதே அன்றைய தேவை. இன்று ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பக்கத்தில் வவுனியா வளாகமும் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. வாசல் திறந்தாயிற்று. நம் உதவியோ இன்னும் வாசலிலேயே நிற்கிறது.

கட்டடமும் விரிவுரையாளரும் அரசாங்கத்தின் பொறுப்பு. ஓர் ஆய்வு மாணவருக்கு இரண்டு வருட உதவித்தொகை, ஒலிப்பதிவுக் கருவி, பயணச் செலவு: இவற்றை ஓர் ஊர் ஜமாஅத்தும் வெளிநாட்டிலுள்ள நம் பிள்ளைகளும் சேர்ந்தால் கொடுக்கலாம். மூலதனம் கரையாமல் வருமானத்தைச் செலவிடும் வக்பு முறை நமக்குப் புதிதல்ல. ஒரு நிபந்தனை மட்டும்: பணம் கொடுத்தவர் முடிவைச் சொல்லக்கூடாது. நம்மைப் பற்றி நமக்குப் பிடிக்காததை எழுதினாலும் அந்தப் பணம் நிற்கக்கூடாது. அப்படி இல்லாவிட்டால் வருவது ஆய்வல்ல, விழா மலர்.

அந்தப் பிள்ளை இப்போது ஒரு கடையில் கணக்கெழுதுகிறது. பதினொரு நிமிடத்தையும் அழிக்கவில்லை.